ஒரே ஒரு பச்சை லுங்கி: மாலை வகுப்பு நடத்தும் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுப் பெரியோர்களுக்கும் வகுப்புப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

பர்மாவில் யாங்கோனிலும் பகோவிலும் தட்டோனிலும் மொலமைனிலும் கோயில் மண்டபங்களில், மாதா கோயில் அறைகளில், பள்ளிவாசல் கட்டடங்களில் மாலை நேர வகுப்பு நடத்தி வருகிறீர்கள். தமிழ் எழுத்துச் சொல்லித்தரத் தொடங்கிய வகுப்புகளில் பெற்றோர் கேட்டதால் ஆங்கிலமும் சேர்ந்துகொண்டது. இந்த மடல் அந்த ஆங்கில மணிநேரத்தைப் பற்றியது. அறுபது நிமிடத்தில் பத்து நிமிடத்தைச் சிரிப்புக்கு விடுங்கள் என்று கேட்கிறோம். எந்தப் பத்து நிமிடம், எந்தச் சிரிப்பு, அது எங்கே வேலை செய்யும், எங்கே கவிழும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அதன்பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். பாடம் தொடங்குமுன் ஆசிரியர் ஒரு ஜோக் சொல்லி, பிள்ளைகள் சிரித்து முடித்ததும் “சரி, இப்போ பாடம்” என்று பலகைப் பக்கம் திரும்புவார். அதை நாங்கள் கேட்கவில்லை. அந்தச் சிரிப்புக்கும் பாடத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மறுநாள் கேட்டால் பிள்ளை ஜோக்கைச் சொல்லும், விதியைச் சொல்லாது. சிரிப்பு இலக்கணத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தப்பாகச் சொன்ன வாக்கியமே ஒரு விபரீதமான படத்தைக் கண்முன் கொண்டுவர வேண்டும்.

தமிழில் இது நமக்குப் பழக்கம்தான். வல்லினம் மிகும் இடம் என்று ஒரு பக்கம் விதி எழுதிப்போட்டாலும் மண்டையில் ஏறாது. “கத்தி கொண்டு வந்தான்”, “கத்திக்கொண்டு வந்தான்” என்று இரண்டு வரி எழுதினால் போதும். ஒருவன் கையில் கத்தி, இன்னொருவன் தொண்டையில் சத்தம். ஒரு ‘க்’ செய்த வேலை அது. “வேலை கொடு”, “வேலைக் கொடு” என்பதும் அப்படியே: முன்னவன் உத்தியோகம் கேட்கிறான், பின்னவன் முருகனிடம் போய் ஆயுதத்தையே கேட்கிறான். ஆங்கிலத்துக்கும் இதே முறை பொருந்தும்.

நம் பிள்ளைகளின் நிலைமை சற்று விசித்திரமானது. வீட்டில் தமிழ், தெருவிலும் பள்ளியிலும் பர்மியம், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆனபின் ஆங்கிலம் கீழ் வகுப்புகளிலிருந்து எடுக்கப்பட்டது. பாலர் வகுப்பு முதலே அது திரும்பி வந்தது 1981இல்தான். இடைப்பட்ட காலத்தில் படித்த தாத்தா பாட்டிகளால் வீட்டில் உதவ முடிவதில்லை. ஆகவே முழுச் சுமையும் உங்கள் மாலை வகுப்பின் தலையில். இதில் ஒரு நல்லதும் உண்டு. தப்பு எந்த மொழியிலிருந்து வருகிறது என்று தெரிந்தால், எந்தச் சிரிப்பை எடுப்பது என்றும் தெரிந்துவிடும்.

‘எஸ்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். “த பாய் ரன்ஸ்” என்பதில் வினையின் வாலில் வரும் அந்த எஸ்ஸைத் தொலைக்காத பிள்ளை எங்கும் இல்லை. நம் ஊரில் அதற்குக் கூடுதல் காரணம் உண்டு. பர்மியச் சொல்லின் அசை ‘ஸ்’ என்று முடிவதே இல்லை. எழுத்தில் மெய் இருந்தாலும் வாயில் அது தொண்டையோடு வெட்டிக்கொண்டு நின்றுவிடும். பர்மியம் ஓங்கிய பிள்ளை “ரன்” என்று நிறுத்துவது சோம்பலால் இல்லை. தமிழ் ஓங்கிய பிள்ளைக்கு வேறு தொல்லை: “ரன்ஸு”, “ஈட்ஸு” என்று உகரத்தை வாலாக ஒட்டிக்கொள்ளும். அது பரவாயில்லை, எஸ்ஸாவது உயிரோடு இருக்கிறது. விதியைப் பொறுத்தவரை தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சலுகையும் உண்டு. ‘நான் ஓடுகிறேன், அவன் ஓடுகிறான்’ என்று ஆளுக்குத் தக்கபடி வினை மாறுவது அதன் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. பர்மிய வினை யாருக்காகவும் மாறாது.

இதற்கு நாங்கள் பயன்படுத்தச் சொல்வது பச்சை லுங்கி. ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவர். பள்ளிக்கூடப் பச்சை லுங்கியோ ஒன்றே ஒன்று. யார் கட்டிக்கொள்கிறானோ அவன் பள்ளிக்குப் போவான், மற்றவன் அரைக்கால் சட்டையோடு வாசலில் நிற்பான். அண்ணன் பெயர்ச்சொல், தம்பி வினைச்சொல், லுங்கி எஸ். “பாய்ஸ்” என்று அண்ணன் கட்டிக்கொண்டால் தம்பி வெறும் “ரன்”. “பாய்” என்று அண்ணன் அரைக்கால் சட்டையோடு நின்றால் தம்பி “ரன்ஸ்”. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு “த பாய்ஸ் ரன்ஸ்” என்று வந்தால் ஒரே லுங்கிக்குள் இருவர் நுழைந்து நடக்கிறார்கள் என்று பொருள். வாசல்படியில் விழத்தான் செய்வார்கள்.

செய்முறை இப்படி. இரண்டு முழம் பச்சைத் துணி, துணி உலர்த்தும் கிளிப் இரண்டு, அரை ஏ4 அளவில் இருபது அட்டைகள். இரு பிள்ளைகளை முன்னே நிறுத்துங்கள். ஒருவர் கையில் பெயர்ச்சொல் அட்டை, மற்றவர் கையில் வினை அட்டை. ஆசிரியர் படத்தைக் காட்டுவார்: ஒரு நாய், அல்லது மூன்று நாய். துணி யாரிடம் போக வேண்டும் என்று வகுப்பு கத்த வேண்டும். பன்னிரண்டு வாக்கியம் போதும். எட்டு நேரானவை, நாலு பொறி வைத்தவை.

அந்த நாலில்தான் பாடமே இருக்கிறது. ‘ஐ, யூ, வி, தே’ நால்வரும் பள்ளியை முடித்துவிட்ட பெரியவர்கள். அவர்கள் வீட்டில் யாருக்கும் பச்சை லுங்கி தேவைப்படாது, அண்ணனும் கட்டமாட்டான், தம்பியும் கட்டமாட்டான். ‘சில்ட்ரன், மென், பீப்பிள்’ என்ற பன்மைகளும் அதே கட்சி. ‘டஸ்’ என்பவர் தாத்தா. அவர் வாக்கியத்துக்குள் வந்துவிட்டால் மரியாதைக்கு லுங்கியை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதனால்தான் “டஸ் த பாய் ரன்?”, “த பாய் டஸ் நாட் ரன்”. தாத்தாவும் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தால் “டஸ் ஹீ ரன்ஸ்?” என்று துணி கிழியும் சத்தம் கேட்கும். ‘கேன், வில், மஸ்ட்’ வந்தால் அன்று விடுமுறை, லுங்கி கொடியில் காய்கிறது. நேற்று நடந்ததைச் சொன்னால் லுங்கி துவைக்கப் போயாயிற்று; ‘வாஸ்’ என்பதன் வாலில் உள்ளதை மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இதில் தப்பு நடக்கும் இடம் ‘பஸ்’. “த பஸ் ஸ்டாப்” என்று ஒரு பிள்ளை சொல்லும். பெயரில்தான் எஸ் இருக்கிறதே என்று வாதமும் செய்யும். வாதம் நியாயமானது, அதைப் பாராட்டிவிட்டு, பஸ்ஸில் இருப்பது லுங்கி இல்லை, பிறவியிலேயே வந்த தோல் என்று சொல்லுங்கள். கழற்ற முடியாதது லுங்கி ஆகாது. ‘கிளாஸ், கேஸ்’ எல்லாம் இதே சங்கதி.

எஸ் ஒலியைப் பழக்கவும் வழி இருக்கிறது. திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவின்போது தெருவில் தன்ஜாட் கேட்டிருப்பீர்கள். ஒருவர் நையாண்டி அடி எடுத்துக் கொடுக்க, கூட்டம் ஒரே குரலில் திருப்பி அடிக்கும். அதே தாளத்தில் ஆசிரியர் “ஐ ஈட்!” என்றால் கூட்டம் “லுங்கி இல்லை!” என்றும், ஆசிரியர் “ஷீ...” என்று இழுத்து நிறுத்தினால் கூட்டம் “ஈட்ஸ்ஸ்ஸ்!” என்றும் முடிக்கட்டும். தனியாகச் சொல்லும்போது எஸ்ஸை விழுங்கும் பிள்ளை கூட்டத்தில் விழுங்காது. மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம், தொண்டை போய்விடும். பக்கத்தில் பூசை நடந்தால் குருக்களின் முகமும் மாறிவிடும்.

அடுத்தது ஆங்கிலப் பெயருக்கு முன்னால் வரும் ‘அ’, ‘ஆன்’ (a, an). தமிழிலும் பர்மியத்திலும் இப்படி ஒரு சொல்வகை கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரியென்றாலும், ‘அ’வா ‘ஆன்’ஆ என்ற சந்தேகத்துக்கு மட்டும் தமிழ்ப் பிள்ளையின் கையில் சாவி இருக்கிறது: ஒரு, ஓர். உயிருக்கு முன் ஓர், உயிர்மெய்க்கு முன் ஒரு. ‘ஓர் ஆடு, ஒரு மாடு’ என்று இலக்கண வகுப்பில் படித்த பிள்ளைக்கு ‘ஆன் ஆப்பிள், அ மேங்கோ’ புதிதே இல்லை. ஆங்கில எழுத்தைப் பார்க்காமல் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘யூனிவர்சிட்டி’ நம் எழுத்தில் ‘யூ’ என்று தொடங்குகிறது, அது உயிர்மெய், ஆகவே ‘ஒரு யானை’ போல ‘அ யூனிவர்சிட்டி’. ‘வன்வே’ என்பதும் ‘வ’வில் தொடங்குவதால் ‘அ’. மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ நம் எழுத்தில் உயிரில் தொடங்குகிறது, ஆகவே ‘ஆன் அவர்’. “மரியாதைக்குரிய அவரா டீச்சர்?” என்று ஒரு குறும்பு நிச்சயம் கேட்கும். கேட்கட்டும், அந்தச் சொல்லுக்கு இனி அது ஆயுளுக்கும் ‘அ’ போடாது.

சறுக்கும் இடம் நம் வாய். பேச்சில் ‘எலும்பு’ என்பது ‘யெலும்பு’ ஆகிறது, ‘எட்டு’ என்பது ‘யெட்டு’. அதே பழக்கத்தில் ‘யெக்ஸ்ரே’, ‘யெம்.பி’ என்று சொல்லும் பிள்ளை தன் காதுக்கு நேர்மையாக ‘அ யெக்ஸ்ரே’ என்றுதான் எழுதும். விதியில் கோளாறு இல்லை, ஒலியில்தான். இப்படிப்பட்ட பிள்ளைக்கு விதியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. வாயை அகலத் திறந்து “எ” என்று சொல்லவைத்து, பிறகு எழுதச் சொல்லுங்கள்.

எதுவுமே போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கோழி போதும். “ஐ ஏட் சிக்கன்” என்றால் கறி. “ஐ ஏட் அ சிக்கன்” என்றால் முழுக் கோழி, தலை, கால், இறகு உள்பட. வாயிலிருந்து இறகு நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பையனின் படத்தைப் பலகையில் வரையுங்கள். ‘ரைஸ், அட்வைஸ், ஃபர்னிச்சர்’ போன்ற எண்ண முடியாதவற்றுக்குப் பர்மியத்தையே துணைக்குக் கூப்பிடலாம். பர்மியத்தில் எதை எண்ணினாலும் எண்ணுக்குப் பின்னால் வகைச்சொல் வேண்டும். ஆட்களுக்கு ‘யௌக்’, விலங்குக்கு ‘கௌங்’. மனிதரைக் ‘கௌங்’ என்று எண்ணினால் அடி விழும் என்று நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஆங்கிலத்தில் ‘அட்வைஸ்’ அப்படி வகைச்சொல் கேட்கும் பண்டம், ‘அ பீஸ் ஆஃப்’ என்று தட்டில் வைத்துத்தான் எண்ண முடியும் என்றால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

‘ஹீ, ஷீ’ குழப்பத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் பார்த்துத் தீர்க்க முடியாது, ஏனென்றால் அது நம் ஊர்ப் பிரச்சினை. பர்மியப் பேச்சில் ‘தூ’ என்றால் அவனும்தான் அவளும்தான். தமிழில் அவன், அவள் உண்டு. ஆனால் பெரியவர்களைச் சொல்லும்போது ‘அவர்’ என்று நாமும் பால் வேறுபாட்டை மூடிவிடுகிறோம். போதாக்குறைக்கு ‘மாமா’. நம் பிள்ளை மாமா என்றால் மீசை வைத்த தாய்மாமன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பர்மியத் தோழிக்கு ‘மாமா’ என்றால் அக்காள். ஓர் அட்டையில் பெரிய மீசையோடு மாமன், இன்னொன்றில் கன்னத்தில் தனாக்கா என்ற மரப்பட்டைக் குழம்பு பூசிய அக்காள். “மாமா இஸ் கமிங்” என்று சொல்லி எந்த அட்டையையும் காட்டாமல் நில்லுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். “அண்ட் ஹீ இஸ் ஹங்கிரி” என்றதும் மீசை வெளியே வர, ஒரு பாதி ஆர்ப்பரிக்கும். ‘ஹீ’ என்ற ஒரு சொல் ஒரு வழக்கையே தீர்த்துவைக்கிறது என்பதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கிறார்கள்.

“டீச்சர், ஐ ஆம் போரிங்” என்று சொல்லாத மாணவர் இல்லை. சில சமயம் உண்மையும் அதுவே. இதற்கு நம் பேச்சுவழக்கே மருந்து. தமிழில் போர் ‘அடிக்கிறது’ என்கிறோம். அடிக்கிறவன் ‘போரிங்’, அடி வாங்கினவன் ‘போர்ட்’. இரண்டு பிள்ளைகள், சுருட்டிய நாளிதழ் ஒன்று. நாளிதழ் வைத்திருப்பவர் ‘இங்’, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்பவர் ‘எட்’. டயரிங், டயர்ட், கன்ஃப்யூசிங், கன்ஃப்யூஸ்ட், சர்ப்ரைசிங், சர்ப்ரைஸ்ட். இப்படிப் பத்துச் சோடி வந்தாலும் இந்த ஒரே அடிதடியில் முடிந்துவிடும். அடி மெதுவாக விழட்டும்.

‘ஆமாம், இல்லை’ என்பதற்குச் சற்று நேரம் கொடுக்கத்தான் வேண்டும். “நீ சாப்பிடலையா?” என்றால் தமிழில் “ஆமா, சாப்பிடலை” என்று ஒத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அந்த ஆமாவுக்கு இடமில்லை. இதைத் தேநீர்க்கடை நாடகமாகப் போடுங்கள். வாடிக்கையாளர் நாற்காலியில், பரிமாறும் பையன் கையில் காலிக் குவளைகளோடு.

“யூ டோன்ட் வான்ட் ஷுகர்?”
“யெஸ்.”
பையன் இரண்டு கரண்டி போடுகிறான்.
“யூ டோன்ட் வான்ட் மில்க்?”
“யெஸ்.”
டின்பால் வழிய வழிய ஊற்றுகிறான்.
“யூ டோன்ட் வான்ட் அனதர் கப்?”
“யெஸ், யெஸ்!”

மேசையில் ஆறு குவளை சேரும்வரை போகலாம். பிறகு பையன் கணக்குச் சீட்டை நீட்டி, “யூ டோன்ட் வான்ட் டு பே?” என்று கேட்கிறான். இப்போது வாடிக்கையாளர் என்ன சொல்ல வேண்டும் என்று வகுப்பைக் கேளுங்கள். இங்கே ஒரு நிமிடம் அமைதியாக இருக்கும், அவசரப்பட்டு விடை சொல்லிவிடாதீர்கள். ‘யெஸ்’ வந்தால் அதன் பின்னால் ‘நாட்’ வரக்கூடாது, ‘நோ’ வந்தால் ‘நாட்’ இல்லாமல் இருக்கக்கூடாது என்ற விதியைப் பிள்ளைகள் தாங்களே உரக்கச் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்று. “வாக்கிங் டு ஸ்கூல், த ரெயில்வே ஸ்டேஷன் லுக்ட் பிக்” என்று எழுதுவார்கள். ரயில் நிலையம் பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு நடந்து போகிறது. ஏன் இப்படி எழுதுகிறார்கள் என்றால், தமிழில் “பள்ளிக்கு நடந்து போகையில் ரயில் நிலையம் பெரிதாகத் தெரிந்தது” என்பது குறையில்லாத வாக்கியம். ஆங்கிலத்தின் அந்த ‘இங்’ நம் ‘போகையில்’ போன்றது இல்லை, ‘நடந்து’ போன்றது. “பள்ளிக்கு நடந்து ரயில் நிலையம் பெரிதாகத் தெரிந்தது” என்று தமிழில் சொல்லவைத்தால் அவர்களே முகத்தைச் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்புதான் விதி.

இதெல்லாம் எங்கே உதவாது என்றும் சொல்ல வேண்டும். தப்பினால் படம் மாறும் இடத்தில் மட்டுமே சிரிப்பு பிறக்கும். ‘இன்’ (in) வரவேண்டிய இடத்தில் ‘ஆன்’ (on) போட்டு “தாத்தா இஸ் ஆன் த ஹாஸ்பிட்டல்” என்றால் தாத்தா மொட்டைமாடியில் நிற்கிறார், நல்ல படம். தமிழின் ‘இல்’லும் பர்மியத்தின் ‘ஹ்மா’வும் உள்ளே, மேலே, அருகே எல்லாவற்றையும் ஒரே பையில் போடுவதால் இந்தப் படம் தேவையும்கூட. ஆனால் பேருந்துக்கு ஏன் ‘ஆன்’, காருக்கு ஏன் ‘இன்’ என்பதில் சிரிக்க எதுவுமில்லை. எழுந்து நடமாட முடிந்தால் ஆன், முடியாவிட்டால் இன் என்று சொல்லிப் பயிற்சி கொடுத்துவிட்டு நகருங்கள். ஒழுங்கற்ற வினைகளும் அப்படித்தான்: கோ, வெண்ட், கான். மனப்பாடத்தைத் தவிர வழியில்லை. அங்கெல்லாம் வலிந்து கோமாளித்தனம் செய்தால் பிள்ளைகள் ஆசிரியருக்காகச் சிரிப்பார்கள், அது பரிதாபம். “லெட்ஸ் ஈட், கிராண்ட்மா” என்பதில் கமா போடாமல் பாட்டியைத் தின்றுவிடும் அந்த உலகப் புகழ் பெற்ற ஜோக்கையும் ஓய்வெடுக்க விடலாம், தேய்ந்துவிட்டது.

பலகையில் எழுதும் வரிசையை ஆசிரியர்கள் அடிக்கடி தலைகீழாக்கிவிடுகிறார்கள். தப்பு வாக்கியம்தான் வேடிக்கை என்பதால் அதை முதலில் பெரிதாக எழுதி, கடைசிவரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிள்ளையின் கண்ணில் தங்குவது அதுவே. சரியான வாக்கியத்தை முதலில் எழுதுங்கள். அதைப் பிள்ளைகள் இரண்டு முறை சொல்லட்டும். பிறகு பக்கத்தில் தப்பை வேறு நிறத்தில் எழுதி, படம் போட்டு, சிரித்து முடியுங்கள். ஒரு நிமிடத்தில் தப்பை அழித்துவிடுங்கள். படம் இருக்கலாம், எழுத்து இருக்கக்கூடாது. கடைசியாக நோட்டில் ஏறுவது சரியான வாக்கியம் மட்டும். ஒரு நாளைக்கு ஒரு விதி, ஒரு விதிக்கு ஒரு வேடிக்கை. ஒரே மாலையில் லுங்கியும் கோழியும் மாமாவும் வந்தால், பேய் வீட்டில் கல்யாணம் நடந்தமாதிரி எல்லாம் கலந்துபோகும். ஒரு வாரம் கழித்து, லுங்கி என்ற பேச்சே எடுக்காமல் பத்துக் கோடிட்ட இடங்களைக் கொடுத்துப் பாருங்கள். ஏழுக்குக் கீழ் என்றால் ஜோக் நின்றிருக்கிறது, விதி நிற்கவில்லை. வேறு வேடிக்கை தேடாமல் நேரடிப் பயிற்சியைக் கூட்டுங்கள்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதில்தான் வகுப்புகள் கெட்டுப்போகின்றன. நம் பிள்ளைகள் பள்ளியில் கைகட்டி உட்கார்ந்து பழகியவர்கள். ஸயாமா, அதாவது ஆசிரியை, முன்னால் சிரிப்பதே மரியாதைக்குறைவு என்று நினைப்பார்கள். ‘அநாடே’ என்று பர்மியத்தில் சொல்லும் அந்தக் கூச்சம் தமிழ்ப் பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் தப்புச் செய்ய ஓர் ஆளை வெளியிலிருந்து கொண்டுவாருங்கள். பழைய காலுறையில் இரண்டு பொத்தானைத் தைத்தால் பொம்மை. அதற்கு ‘அரைகுறை ஆறுமுகம்’ என்று பெயர் வைக்கலாம், ஆனால் வகுப்பில் அந்தப் பெயரில் யாரும் இல்லையென்று வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாத் தப்பும் ஆறுமுகத்தின் வாயிலிருந்தே வரும், பிள்ளைகள் அவனைத் திருத்துவார்கள். கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலைதான் இது. நேற்று ஒரு பிள்ளை நோட்டில் எழுதிய தப்பை அப்படியே இன்று ஆறுமுகத்தின் வாயில் போடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அது தெரிந்துவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து, சொற்களை மாற்றிப் போடலாம்.

நிறம், உருவம், உச்சரிப்பு ஆகிய மூன்றும் வேடிக்கைப் பொருளாகக் கூடாது. தெருவில் இந்திய வம்சத்தாரை இழிவாகச் சொல்லும் ‘கலா’ என்ற சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை வகுப்புக்குள்ளும் அதே சிரிப்பைக் கேட்டால் வாயைத் திறக்காது. லுங்கி வேடிக்கை பையன்களின் லுங்கியோடு நிற்கட்டும். பெண்கள் இடுப்பில் கட்டும் தமெய்னை வேடிக்கைக்குள் இழுத்தால் பர்மிய வழக்கப்படி அது பெருங்குற்றம், பக்கத்து வீட்டார் கோபம் நியாயமாகவும் இருக்கும். பகோடா, பிக்கு, புத்தர் உருவம், நம் சாமிகள், எந்த மதமும் வேண்டாம். 2015 மார்ச்சில் யாங்கோனில் ஒரு மதுக்கூட விளம்பரத்தில் புத்தர் தலையில் ஹெட்போன் மாட்டிய படத்துக்காக மூன்று பேருக்கு இரண்டரை ஆண்டு சிறை கிடைத்தது. மேலே சொன்ன நடக்கும் கட்டட வாக்கியத்தில் ரயில் நிலையத்தை வைத்தது இதனால்தான். அரசியலும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இறந்தகாலப் பாடத்துக்கு ஒரு பேய்க் கதை உண்டு: செத்துப்போன தாத்தாவை “ஹீ வொர்க்ஸ் இன் ஸ்காட் மார்க்கெட்” என்று நிகழ்காலத்தில் சொல்லிவிட்டால் அவர் எழுந்து வந்து கடை திறந்துவிடுவார். பர்மிய வினையில் ‘தே’ என்ற ஒட்டு நேற்றைக்கும் வழக்கத்துக்கும் பொதுவாக வருவதால் இந்தத் தப்பு மிகுதி. தமிழ் காலம் காட்டும் மொழி என்பதால், தமிழில் யோசிக்கச் சொன்னாலே பாதி சரியாகும். கதை நன்றாக ஓடும். ஆனால் அண்மையில் வீட்டில் சாவு நடந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் அன்று பேயை எழுப்ப வேண்டாம். அதற்குப் பதில் “தம்பி ஹேஸ் கான் டு மாண்டலே” என்று சொல்லிக்கொண்டே தம்பியை முன்னால் நிறுத்துங்கள். ‘கான்’ என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறான், அப்படியானால் இங்கே நிற்பது யார்? ‘பீன்’ என்று மாற்றினால்தான் அவனுக்கு இருப்பிடம் கிடைக்கும்.

பெற்றோரின் கவலை எங்களுக்குத் தெரியும். பள்ளியிறுதித் தேர்வில் லுங்கியைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். அதனால் மணிநேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: முதல் பதினைந்து நிமிடம் சரியான வாக்கியங்களும் வாசிப்பும், அடுத்த பத்து நிமிடம் ஆறுமுகம், இருபது நிமிடம் நோட்டில் எழுத்து, கடைசிப் பதினைந்து நிமிடம் அதே விதியைத் தேர்வில் வரும் வடிவத்திலேயே, கோடிட்ட இடமாகவும் வாக்கிய மாற்றமாகவும். அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் யாரும் சிரிக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போகும் நோட்டில் அந்தப் பக்கமே இருக்கட்டும்; அப்பா அதைத்தான் பார்ப்பார்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். மண்டபத்தில் சத்தம் கேட்டதும் எட்டிப்பார்த்து அதட்டாமல், அந்தப் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். தப்புச் செய்தவர் பெயரைப் பலகையில் எழுதும் வழக்கம் எங்காவது இருந்தால் நிறுத்துங்கள். ஆண்டுவிழாவில் ‘வேடிக்கைத் தப்புப் போட்டி’ என்று ஒன்றை வைத்து, பிள்ளைகளின் நோட்டை மேடையில் வாசிக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். மேடைக்குத் தேநீர்க்கடை நாடகம் போதும், ஆறு குவளை இருந்தால் நடத்திவிடலாம். ஆசிரியர்களுக்கு மூன்று சனிக்கிழமை கொடுங்கள். முதல் நாள் அட்டை வெட்டி எழுதவும், இரண்டாம் நாள் ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளாக உட்காரவும், மூன்றாம் நாள் உண்மையான வகுப்பில் ஒருவர் நடத்த மற்றவர்கள் பின்வரிசையிலிருந்து பார்க்கவும். பின்வரிசையில் இருப்பவர்கள் சிரிப்பை எண்ண வேண்டாம். சிரித்து முடிந்தபின் எத்தனை பிள்ளைகள் சரியான வாக்கியத்தைத் தாமாகச் சொன்னார்கள் என்று எண்ணட்டும்.

பச்சைத் துணியும் கிளிப்பும் காலுறையும் எந்த வீட்டிலும் கிடைக்கும். அட்டைக்கும் பேனாவுக்கும் மட்டும் குழுப் பணத்திலிருந்து கொடுங்கள். திஞ்ஜான் விடுமுறை முடிந்து வகுப்புத் திறக்கும் வாரத்தில் எஸ்ஸில் தொடங்குவது நல்லது. தன்ஜாட் தாளம் அப்போதுதான் பிள்ளைகளின் காதில் இன்னும் இருக்கும்.

இப்படிக்கு,
பர்மாவில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் சிலர்